அவர் கையில் என் ரீல்

போன மாதம் வரை என் வீட்டு ஹாலில், மாலை போட்ட படத்துக்குள், என் கணவர் என்னுடைய ரீலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மெரூன் நிறப் பக்கத் தகடு, கறுத்துப்போன வளையங்கள், தேய்ந்த மரப்பிடி. நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் செய்த மீன்பிடி ரீல். பெயர் வைக்கும் நாளில் பிள்ளையைத் தூக்கிக் காட்டும் தகப்பன் மாதிரி இரண்டு கையாலும் அதை நெஞ்சுக்கு நேரே ஏந்தியிருந்தார். படத்தைத் தேர்ந்தெடுத்தது என் தம்பி. "இதுலதான்க்கா அத்தான் முகம் நல்லா இருக்கு" என்றான். முகம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்தவர் சாமானைக் காட்டிப் பெயர் வாங்குகிறவர்களுக்கு முகம் எப்போதும் நன்றாகவே இருக்கும்.

காலையில் அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அதனால் இருபது வருடக் கோபமும் இப்போது மொத்தமாக வந்தது, கேட்பதற்கு ஆள் இல்லாத நேரத்தில்.

லிட்டில் இந்தியாவில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் நான் வேலை செய்கிறேன். கருவிகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து, உறையில் போட்டு அடுக்குவது என் வேலை. எப்போதும் பின்னறையில் இருப்பேன். வருகிறவர்கள் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. ஒரு ஊசியின் முனையில் தூசி அளவு கறை இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

அவர் பஸ் ஓட்டினார். லீவு நாளில், எங்கள் பிடோக் வீட்டிலிருந்து சைக்கிளில் கடற்கரைக்குப் போய், கடலுக்குள் நீளும் ஜெட்டிப் பாலத்தில் தூண்டில் போடுவார். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஒருநாள் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில், அது இன்னும் மூடப்படாத காலம், ஒரு ஜப்பான் ரீலை வாங்கி வந்தார். தூண்டில் கம்பின் அடியில் மாட்டி, நைலான் நரம்பைச் சுற்றுகிற பொறிதான் ரீல். இரண்டாம் வாரமே அது இறுகிக்கொண்டது. அவர் அதைக் குலுக்கினார், தட்டினார், இரண்டு கெட்ட வார்த்தை சொன்னார், பிறகு சமையலறைத் தொட்டிக்கு அடியில் எறிந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அதை எடுத்து, சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்துப் பிரித்தேன். உள்ளே பல்சக்கரங்கள். உப்பும் பழைய கொழுப்பும் கலந்து ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் அடைத்துக்கொண்டிருந்தன. எனக்கு இதைவிடத் தெரிந்த வேலை உலகத்தில் வேறு கிடையாது.

அந்த ஒரு ரீலை மட்டும் அவருடையது என்று ஒப்புக்கொள்கிறேன். மற்ற இருபத்து மூன்றும் என்னுடையவை. சந்தை கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரம்தான். சாப்பாட்டு இடைவேளையில் வெயிலில் நடந்து போய், தரையில் விரித்த பிளாஸ்டிக் பாய்களின் மேல் குனிந்து தேடி, என் சம்பளத்தில் வாங்கி வந்தேன். சந்தையை மூடிய பிறகு, வீடு காலி செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கினேன். துருப்பிடித்தது, உடைந்தது, பிடி போனது, இப்படி எல்லாரும் வேண்டாம் என்று ஒதுக்கியதாகப் பார்த்து எடுத்தேன்.

எனக்கு என்று சில முறைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு ரீலைத்தான் பிரிப்பேன். எந்த வரிசையில் கழற்றினேனோ அந்த வரிசையில், இடமிருந்து வலமாக, துண்டின்மேல் வைப்பேன். ஒரு ரீலின் திருகாணி இன்னொன்றுக்குச் சேராது. சேருகிற மாதிரி பாவனை காட்டி, உள்ளே போய் மரையைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிளினிக்கில் கழித்துப்போட்ட ஊசிகளால் பல் பல்லாகச் சுத்தம் செய்து, எண்ணெய் வேண்டிய இடத்தில் எண்ணெயும் கிரீஸ் வேண்டிய இடத்தில் கிரீஸும் வைத்து, திரும்ப மூடுவேன். எண்ணெய் ஒரு துளி போதும். மேலே பளபளப்பாக்க மாட்டேன். பழைய ரீலை பாலிஷ் மாவு போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வீடியோ போடுகிறார்களே, அவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அறுபது வருடம் மனிதர்களின் கைகள் தேய்த்த நிறம் அது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு "புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று மார்தட்டுகிறார்கள். புதுசு வேண்டுமென்றால் கடையில் போய் வாங்க வேண்டியதுதானே!

மெரூன் ரீல் எனக்குக் கிடைத்தபோது அதற்கு நாக்கு இல்லை. நரம்பு ஓடும்போது கிர்ரென்று சத்தம் போட்டு, மீன் இழுக்கிறது என்று சொல்வதற்கு, ரீலுக்குள் நகத்தளவில் ஓர் உலோகத் துண்டு இருக்கும். அதைத்தான் நாக்கு என்பேன். அது இல்லாத ரீல் ஊமை. உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை. டாக்டர் முனை உடைந்த ஒரு பல் சுரண்டியைக் குப்பையில் போடப் போனபோது, கேட்டு வாங்கிக்கொண்டேன். சிராங்கூன் ரோட்டில் பொற்கொல்லர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் ஒரு சின்ன அரம் வாங்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ராவினேன். முதல் இரண்டு நாக்கும் சரியாக வரவில்லை. ஒன்று உடைந்தது, ஒன்று சக்கரத்தைக் கீறியது. மூன்றாவதைப் பொருத்தி நரம்பை இழுத்தபோது ரீல் வாயைத் திறந்தது. கம்பெனி நாக்கைப்போலக் கிர்ரென்று சொல்லவில்லை. டிர்ரிக், டிர்ரிக் என்று கொஞ்சம் கறாராகச் சொன்னது. நான் சமையலறையில் தனியாகக் கைதட்டினேன். சத்தம் கேட்டு அவர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார்.

அந்த நாக்கைச் செய்தது அவர்தான் என்று ஜெட்டி முழுக்கப் பரவியது வெகுநாள் வரை எனக்குத் தெரியாது.

பொய் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. ஜெட்டியில் யாரோ ஒருவரின் ரீல் இறுகிக்கொள்ள, இவர் "கொடு, நான் பாக்கிறேன்" என்று வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார். நான் பார்த்துக் கொடுத்தேன். அந்த ஆள் ஒரு பை நிறையக் கறிபாப் கொடுத்தனுப்பினார். அதைச் சாப்பிடும்போது என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"யாரு சர்வீஸ் பண்ணதுன்னு கேட்டான். நான்தான்னு சொல்லிட்டேன். நீ பண்ணேன்னு சொன்னா நம்ப மாட்டானுங்க லா."

நானும் சிரித்தேன். கறிபாப் நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன். இதை எழுதும்போது என்னையே இரண்டு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றாவது வந்தது. நான் பிரித்துத் துடைத்து மூடுவேன், அவர் எடுத்துப்போய்க் கொடுப்பார். தீபாவளிக்கு ஜெட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால், பாம் ஷெல்டர் கதவைத் திறந்து காட்டுவார். இங்கே வீட்டுக்குள்ளேயே கனத்த இரும்புக் கதவு போட்டு ஒரு சின்ன அறை இருக்கும். போர் வந்தால் ஒளிந்துகொள்ள அரசாங்கம் கட்டியது, எல்லாரும் அதில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் வைத்திருப்பார்கள். நான் அதில் அலமாரி போட்டு, ஈரத்தை உறிஞ்சும் பெட்டி ஒன்றை வைத்து, ரீல்களை அடுக்கியிருந்தேன். "இதான் என் கலெக்‌ஷன்" என்பார் அவர். யாராவது, "இது எந்தக் காலத்து மாடல் அண்ணே?" என்று கேட்டுவிட்டால், "டீ ஆறிடப் போகுது, குடிங்க முதல்ல" என்று பேச்சை மாற்றுவார். டீ கொண்டு வந்தது நான். முறுக்குத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பதில் தெரிந்தும் சொல்லாமல் நின்றதும் நான்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தால் பத்து மணி நேரம் பஸ் ஓட்டிவிட்டு வந்து கஞ்சி வைப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று என் மாமியார் ஒருமுறை என்னைக் குத்திப் பேசியபோது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவர் அவர். இவ்வளவு செய்தவரால் இந்த ஒன்றைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாரடைப்பு. டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூடாரம் போட்டுக் கிடத்தியிருந்தோம். ஜெட்டிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அவரோடு வேலை பார்த்த டிரைவர், அவரைவிடப் பத்து வயது இளையவர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, என் கணவரின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கை மாதிரி வராது அண்ணி. எந்த ரீலா இருந்தாலும் அண்ணே தொட்டா ஓடும்" என்று விம்மினார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

நானும் அழுதுகொண்டிருந்தேன். நடிப்பில்லாத அழுகை. இருபத்தெட்டு வருடம் என் பக்கத்தில் படுத்த மனிதர். அதே நேரத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கைக்குத் திருகாணி எந்தப் பக்கம் திரும்பினால் கழலும் என்றுகூடத் தெரியாது. வெடுக்கென்று அந்தக் கையைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று தோன்றியது. தாலி அறுக்காத நேரத்தில் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று பயந்துபோய் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. செத்தவர் பயன்படுத்திய பொருள்களை இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சடங்கு செய்தவர் சொல்லிவிட்டுப் போனார். நான் படுக்கையறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஹாலில் ஜெட்டிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தம்பி கதவருகே வந்து கேட்டான்.

"அக்கா, அத்தான் சாமானெல்லாம் குடுத்துடலாமா?"

சட்டை, பேன்ட், செருப்பு, தூண்டில் கம்புகள், மீன் பெட்டி, அந்த ஒரே ஒரு ஜப்பான் ரீல் என்று என் மனசுக்குள் பட்டியல் ஓடியது. எனக்கு அவருடைய சாமான் என்றால் அவ்வளவுதான். "குடுத்துடு" என்றேன். அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, மடக்கு நாற்காலிகளை வைக்க ஷெல்டர் கதவைத் திறந்தேன். அலமாரியில் ஒன்றும் இல்லை. எந்த ரீல் எங்கே இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும், அந்த இடங்களெல்லாம் வெறும் பலகையாகக் கிடந்தன. ஈரம் உறிஞ்சும் பெட்டி மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் செத்த அன்றுகூட நான் இப்படி உட்காரவில்லை. உண்மையை ஏன் மறைக்க வேண்டும்?

தம்பிக்கு ஃபோன் போட்டேன். அவன் புக்கிட் பாத்தோக் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

"ஷெல்டர்ல இருந்த ரீலெல்லாம் எங்கடா?"

"குடுத்தாச்சுக்கா. நீதானே சொன்ன? அத்தானோட ஆளுங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு ரெண்டு எடுத்துக்கிட்டாங்க. அழுதுட்டாங்கக்கா ஒவ்வொருத்தரும். அத்தான் ஆத்மா குளிர்ந்திருக்கும்."

"அது என்னோடது."

"என்னது?"

"ரீல் எல்லாம் என்னோடது. நான் வாங்கினது. நான் பண்ணது."

அவன் மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற குரலில், "அக்கா, நீ ஜெட்டிக்கே போனதில்லையே" என்றான்.

கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குக் கத்தினேன். தூண்டில் போடுகிறவன் எல்லாம் ரீல் செய்கிறவனா, பஸ் ஓட்டுகிறவன் எல்லாம் எஞ்சின் செய்கிறானா என்று கேட்டேன். இருபது வருடமாக என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டைப் பார்த்து, "என்னக்கா, எப்பப் பாரு இத வச்சிக்கிட்டு? சோறு எங்க போடுறது?" என்று கேட்டவன் இவன். அந்தத் துண்டுக்கு முன்னால் எப்போதும் யார் உட்கார்ந்திருந்தது என்று இவனுக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் போய்த் திருப்பிக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன்.

"செத்தவர் பேர்ல குடுத்தத எப்படிக்கா திருப்பிக் கேக்கிறது? அதுவும் அது அத்தானோடது இல்லன்னு சொன்னா, அவர என்ன நினைப்பாங்க? பொய் சொல்லிட்டுத் திரிஞ்சாருன்னு நினைக்க மாட்டாங்க?"

"பொய்தானே சொன்னார்?"

"அக்கா! அத்தான் படத்த மாட்டி வச்சுக்கிட்டு இப்படிப் பேசாத."

நான் படத்துக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் தம்பி பதினேழு ரீல்களைக் கொண்டுவந்து சேர்த்தான். ஐந்து போனது போனதுதான். ஒன்றை யாரோ யாருக்கோ கொடுத்து, அவர் எல்லை தாண்டி ஜொகூருக்கு எடுத்துப்போய்விட்டார். திரும்பி வந்தவற்றைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, என்ன சொல்லிக் கேட்டாய் என்று தம்பியிடம் விசாரித்தேன். அவன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்காவுக்கு மனசு சரியில்ல, அத்தான் சாமான் இல்லாம தூக்கம் வரல, அழுதுக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னேன்." பதினேழு ரீல்களும் பரிதாபப்பட்டுத் திருப்பிக் கொடுத்தவை. அப்போதும் அவை அவருடைய சாமான்தான். கையிலிருந்த துணியை அவன் முகத்தில் எறிந்தேன். எண்ணெய்த் துணி. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மெரூன் ரீல் வரவில்லை. அதை வைத்திருந்தது அந்த டிரைவர். "அண்ணே நெஞ்சோட வச்சிருந்தது, அத மட்டும் குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டாராம். மற்ற எல்லாம் போனாலும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இதை விட முடியாது. அதற்குள் இருந்த நாக்கு ஒன்றுதான், என் கை செய்தது என்று இந்த உலகத்தில் நான் காட்டக்கூடிய ஒரே பொருள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஜெட்டிக்குப் போனேன். முதல் தடவை. கடலுக்குள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் பாலம், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு, தடுப்பு நெடுகத் தூண்டில்கள். எனக்கு ரீல்கள்தான் தெரிந்தன, ஆட்களின் முகம் கண்ணில் படவில்லை. எல்லாம் புதுசு, வழவழப்பானவை. நடுவில் எங்கே தேடுவது என்று தெரியாமல் நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. டிர்ரிக், டிர்ரிக். பத்தடி தள்ளி அந்த டிரைவர் கையால் நரம்பை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி! நீங்களா? வாங்க, உக்காருங்க" என்று ஐஸ் பெட்டியை இழுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. ரீலையே பார்த்தேன். தகட்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒருநாள்கூட நல்ல தண்ணீரில் கழுவியிருக்க மாட்டார். அண்ணன் ஞாபகமாம்! வந்த ஆத்திரத்தில், அந்த உப்பைத் துடைக்கக் கையை நீட்டினேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"உங்க தம்பி சொன்னாரு அண்ணி. ஆனா இத மட்டும் கேக்காதீங்க. இதுக்குள்ள ஒரு நாக்கு இருக்கு, தெரியுமா? அது கம்பெனி போட்டது இல்ல. அண்ணே பண்ணது. பல் டாக்டர் கருவிய அறுத்து, மூணு வாரம் உக்காந்து ராவி ராவிப் பண்ணாராம். நீங்கதான் கிளினிக்லேர்ந்து அந்தக் கருவிய எடுத்துக் குடுத்தீங்களாம். அதையும் சொல்லியிருக்காரு அண்ணே."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். என் மூன்று ஞாயிற்றுக்கிழமையை என்னிடமே கதையாகச் சொன்னார். அதில் எனக்குக் கிடைத்த பங்கு, எடுத்துக் கொடுத்தது.

"அதப் பண்ணது நான்" என்றேன்.

"அண்ணி..."

"நான். உங்க அண்ணனுக்கு அரத்தை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாது. மொத நாக்கு உடைஞ்சது, ரெண்டாவது சக்கரத்தக் கீறிச்சு. பிரிச்சுப் பாருங்க, பெரிய சக்கரத்துல கீறல் இருக்கும். உங்க பச்சை ரீல் நாலு தடவ எங்க வீட்டுக்கு வந்துச்சு. பிடி வளைஞ்சிருக்கும், கிரீஸக் களி மாதிரி அப்பி வச்சிருப்பீங்க. நாலு தடவையும் அதச் சுரண்டினது யாரு? செத்தவர் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்களே, நான் பக்கத்துலதானே நின்னேன்? என் கைய ஒருத்தராவது பாத்தீங்களா?"

என் குரல் ஜெட்டி முழுக்கக் கேட்டிருக்கும். தூண்டில்காரர்கள் திரும்பினார்கள். அவர்களில் நாலைந்து பேர் எங்கள் வீட்டில் டீ குடித்தவர்கள். டிரைவர் ரீலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஒரு தடவ சொன்னாரு அண்ணி."

"என்ன சொன்னாரு?"

"போன வருஷம். இங்கதான். எல்லாரும் அவரப் புகழ்ந்துக்கிட்டு இருந்தப்ப, 'இதெல்லாம் நான் இல்லடா, உங்க அண்ணிதான் பண்றா'ன்னு சொன்னாரு. நாங்க நம்பல. பொண்டாட்டிக்குப் பயந்து ஐஸ் வைக்கிறாருன்னு கிண்டல் பண்ணிச் சிரிச்சோம்."

கடல் காற்றில் சேலை பறந்தது. அதை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"அவரு என்ன செஞ்சாரு?"

டிரைவர் தூண்டில் கம்பைத் தடுப்பில் சாய்த்துவைத்தார்.

"அவரும் எங்களோட சேந்து சிரிச்சாரு."

ரீலைக் கழற்றி, தன் பனியனில் உப்பைத் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நரம்பு புதிது, அதையாவது உருவிக்கொள்ளச் சொன்னேன். "இருக்கட்டும் அண்ணி" என்றார். என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பார்த்து என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து வெள்ளைத் துண்டை விரித்தேன். மூன்று வார உப்பு உள்ளே போயிருந்தது. மண்ணெண்ணெயில் போட்டு, பல் பல்லாக எடுத்து, காயவைத்தேன். பெரிய சக்கரத்தில் என் இரண்டாவது நாக்கு போட்ட கீறல் அப்படியே இருந்தது. மூன்றாவது நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எஃகு. மூடிவிட்டு நிமிர்ந்தபோது நேர் எதிரே அவர். அதே ரீலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அதே சிரிப்பு. ஒருதடவை உண்மையைச் சொல்லிவிட்டு, அவர்கள் சிரித்ததும் கூடவே சிரித்தாரே, அது இந்தச் சிரிப்புதான். சொல்லாமலே இருந்திருக்கலாம். சொல்லிவிட்டுச் சிரித்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கறிபாப் சாப்பிட்டுக்கொண்டு நான் சிரித்ததையும்தான்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனேன். கிளினிக்குக்கு இரண்டு தெரு தள்ளி, சாமி படங்களுக்கும் செத்தவர் படங்களுக்கும் சட்டம் போடும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் தாளைப் பிரித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு. கையில என்ன, கேமராவா?"

"ரீல். மீன் பிடிக்கிற ரீல்."

"ஓ, சார் ரீல் பிரியரோ?"

"இல்ல. நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க எனக்கும் பொறுமை இல்லை. சின்னதாக வெட்டி வேறு சட்டத்தில் போட வேண்டும் என்றேன். எதுவரைக்கும் என்று கேட்டார். சட்டையின் இரண்டாவது பொத்தானில் விரலை வைத்தேன்.

அவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அங்க வெட்டினா கை போயிடுமேம்மா."

"கைதான் போகணும்" என்றேன்.

வியாழக்கிழமை வாங்கிக்கொண்டேன். இப்போது படத்தில் முகமும் கழுத்தும் மட்டும் இருக்கின்றன. பழைய மாலை சின்னச் சட்டத்துக்குப் பெரிதாகத் தொங்கியது. அதில் ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கி மாட்டினேன்.